சடையப்பனுக்கு ஊதிய சங்கு

பூ...ம்ம்ம்! பூ...ம்ம்ம்! பூ...ம்ம்ம்!

மூன்று முறை சங்கு முழங்கியது. அடம்பன்குப்பத்துக் கடற்கரை அப்படியே நின்றுபோனது.

பாதி தண்ணீரிலும் பாதி மணலிலுமாக இருந்த பைபர் போட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்த கைகள் விலகின. ஓடத் தொடங்கியிருந்த ஓர் இஞ்சினை யாரோ அணைத்தார்கள். ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவன் அதைப் பொத்தென்று இறக்கினான்.

மூன்று முறை சங்கு ஊதினால் ஊரில் சாவு. சாவு விழுந்துவிட்டால் ஒரு போட்டும் கடலில் இறங்கக் கூடாது. சுனாமிக்கு முன்னாலும் அதுதான் கட்டுப்பாடு, சுனாமிக்குப் பின்னாலும் அதுதான். கலெக்டர் சொல்வதைக்கூட மீறுவார்கள், சங்கை மீறமாட்டார்கள். மீறியவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரில் ஒரு நாதியும் எட்டிப்பார்க்காது.

"யாருப்பா போனது?"

"படுக்கையில யாரும் இல்லியே!"

"ரத்தினம்மா வூட்டுக்காரரா இருக்குமோ? நேத்து இருமிக்கிட்டு கெடந்தாரு."

"அவரு அதோ வெத்தல போட்டுக்கிட்டு நிக்கிறாரு, ஒனக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்று சீறினாள் ரத்தினம்மாள்.

எழிலன் போட்டின் மூக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தான். இருபத்திரண்டு வயது, கடலைத் தவிர எதையும் பெரிதாக நினைக்காத வயது. "போச்சுடா மச்சான். புதுவருஷ வேட்டைக்கு எவனோ செத்து வெச்சிட்டான்" என்றான் பக்கத்திலிருந்த அஜயிடம்.

அவன் எரிச்சலில் நியாயம் இருந்தது. அன்று 2011 டிசம்பர் இருபத்தெட்டு. புதுவருஷத்துக்குப் புதுச்சேரி ஓட்டல்காரர்கள் வஞ்சிரம் கேட்டுப் பறந்துகொண்டிருந்தார்கள். இரண்டு ராத்திரி கடலிலேயே தங்கி மீன் பிடித்து, முப்பதாம் தேதி விடியலில் கரை சேருவதாக ஏற்பாடு. ஊர் மொத்தமும் அன்று பிற்பகல் கிளம்பியிருக்க வேண்டியது.

எல்லோரும் அம்மன் கோயிலுக்கு ஓடினார்கள். கோயில் வாசலில் சங்கைக் கையில் பிடித்தபடி, ஊருக்குச் சங்கு ஊதும் அய்யனார் வியர்த்துப்போய் நின்றார். சாவு வீட்டுக்காரர் வந்து கேட்டால்தான் அவர் சங்கைத் தொடுவார். அவர் பக்கத்தில் நின்றவளைப் பார்த்ததும் எழிலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

அது அவன் அம்மா தனக்கோடி. காலைவரை நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு மீன்கூடை தூக்கியவள். இப்போது அந்த நெற்றி வெறுமையாக இருந்தது. அழித்த இடத்தில் தோல் சிவந்திருந்தது.

"யாருக்கும்மா ஊதினாங்க?"

தனக்கோடி மகனை நேராகப் பார்த்தாள். "ஒங்கப்பாவுக்கு" என்றாள்.

*

மூன்று வருடத்துக்கு முன்னால், 2008 நவம்பரில் பேய்மழை பெய்தது. கடலுக்குப் போகாதீர்கள் என்று ரேடியோ கத்திக்கொண்டிருந்தபோது, "ஒரு சுத்து வலை போட்டுட்டு வந்துடறேன் தனக்கோடி, ஒலைய வெய்யி" என்று சொல்லிவிட்டுக் கட்டுமரத்தில் தனியாகப் போனவர் சடையப்பன். உலை கொதித்தது, அவர் வரவில்லை. கட்டுமரமும் வரவில்லை, உடலும் வரவில்லை.

சங்கு ஊதிச் சடங்கை முடித்துவிடலாம் என்று ஊர் சொன்னது. தனக்கோடி மறுத்துவிட்டாள். "பொணத்தக் காட்டுங்க, பொட்ட அழிக்கிறேன்" என்றாள். சிலோனில் கரை ஒதுங்கி ஜெயிலில் இருக்கலாம். ஆந்திராவில் ஏதாவது போட்டில் வேலை செய்துகொண்டிருக்கலாம். கடலில் போனவர்கள் வருஷம் கழித்து வந்து நின்ற கதை எல்லாக் குப்பத்திலும் ஒன்றாவது உண்டு. வீட்டில் அவர் விட்டுப்போன இன்னொரு துடுப்பு இருந்தது. அதற்கு மாதம் தவறாமல் எண்ணெய் தடவிச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். பூ வைத்தாள், பொட்டு வைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஊர் சிரித்ததும் அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள்தான் இன்று தானே போய்ச் சங்கு ஊதச் சொல்லியிருக்கிறாள்.

காரணம், அன்று காலையில் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் அவள் பார்த்தது. மீன் எடுக்கப் போன இடத்தில், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். பெயர் வைத்த புயல், நேராக இந்தப் பக்கமே வருகிறது என்று டீக்கடை டி.வி. சொன்னது. கூடையை அங்கேயே தெரிந்தவளிடம் தள்ளிவிட்டுப் பஸ் பிடித்து ஊருக்கு ஓடிவந்தாள். கடற்கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

யாரும் காதில் வாங்கவில்லை. "போன வருஷமும் இதே கூண்டுதான் ஏத்தினான். நாலு நாளு போட்டக் கட்டிப்போட்டு ஈ ஓட்டினோம். புயலு அந்தண்ட எங்கியோ போயிடுச்சி" என்றான் ஒருவன். "புருஷன் போனதுலேருந்து இவளுக்கு மேகம் கறுத்தாலே புயலு" என்றாள் ரத்தினம்மாள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், நாட்டார் பச்சமுத்து, மீசையைத் தடவிக்கொண்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கவர்மெண்டுக்குக் கூண்டு ஏத்துறது வேல, நமக்குக் கடல் ஏறுறது வேல. போய் வூட்டப் பாரும்மா."

மகனிடம் கெஞ்சினாள். "நீ அப்பாவயும் இப்பிடித்தான் தடுத்தியா?" என்று கேட்டுவிட்டு அவன் வலையைத் தூக்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தாள். சுவரோரம் நின்ற துடுப்பைப் பார்த்தாள். அரசாங்கம் சொல்லியும் கேட்காத ஊர் எதற்குக் கட்டுப்படும் என்று யோசித்தாள். அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

*

கோயில் வாசலில் கூட்டம் கொந்தளித்தது.

"காலையில வரிக்கும் மல்லிப்பூ வெச்சிக்கிட்டுப் போனவ, இன்னிக்கு மத்தியானம் எப்பிடி முண்டச்சி ஆனே?" என்று ரத்தினம்மாள் கையை நீட்டிக் கேட்டாள்.

"மூணு வருஷமா நீதான எப்ப எப்பன்னு கேட்டுக்கிட்டு இருந்த? இப்ப ஆயிட்டேன். வந்து கட்டிப்புடிச்சி அழு" என்றாள் தனக்கோடி.

பச்சமுத்துவுக்கு விஷயம் புரியாமல் இல்லை. கடல் வியாபாரத்திலும் பஞ்சாயத்திலும் நரைத்த தலை அது. அவளைத் தனியே அழைத்தார்.

"இந்தா தனக்கோடி, புயல் புயல்ன்னு கத்தின, எவனும் கேக்கல. அதுக்காகச் சடையப்பன சாவடிச்சிட்டியா?"

"உடம்பு கெடைக்காதவனுக்கு எப்ப சங்கு ஊதலாம் மாமா? முறையச் சொல்லுங்க."

"பொண்டாட்டி ஒத்துக்கிட்ட அன்னிக்கு."

"நான் இன்னிக்கு ஒத்துக்கிட்டேன்."

பச்சமுத்து பல்லைக் கடித்தார். முறைப்படி அவளை அசைக்க முடியாது. "சரி, ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. நாளைய கழிச்சி வெயிலு அடிச்சிதுன்னு வெய்யி, செத்தவன் பேரச் சொல்லி ஊரு பொழப்பக் கெடுத்தவன்னு பஞ்சாயத்து கூடும். ஒன்ன விலக்கி வெச்சிடுவாங்க. ஒன்கிட்ட மீனு வாங்கவும் ஆளு இருக்காது, ஒனக்குத் தண்ணி குடுக்கவும் ஆளு இருக்காது. நானே தடுத்தாலும் நிக்காது."

"சரி மாமா" என்றாள்.

அதைவிடப் பெரிய அடி மகனிடமிருந்து வந்தது. எழிலன் கண்கள் கலங்க அவள் முன்னால் நின்றான். "எங்கப்பா வருவாரு வருவாருன்னு சொல்லிச் சொல்லியே என்ன வளத்த. இன்னிக்கு ஒரு போட்ட நிறுத்தறதுக்காக அவரச் சாவடிச்சிட்டியேம்மா. இனிமே என்கிட்ட பேசாத."

தனக்கோடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அய்யனார் பக்கம் திரும்பினாள்.

*

கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு அந்த ஊரில் தனி முறை உண்டு. அவனுடைய துடுப்பைப் பாயில் கிடத்துவார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளை குட்டியோடு வந்து இரண்டு ராத்திரி காவல் இருப்பார்கள். நாட்டார்தான் துடுப்பின் தலைமாட்டில் உட்காரவேண்டும். கரையில் ஒரு போட்டும் கிடக்கக் கூடாது. கடலிலிருந்து வருகிறவனுக்கு வழி திறந்திருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. மூன்றாம் நாள் விடியலில் துடுப்பைக் கடலில் விட்டுவிட்டு எல்லோரும் தலை முழுகுவார்கள்.

"துடுப்ப எங்க கெடத்தறது? ஒன் வூட்டுக்குக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டார் அய்யனார்.

"என் வூட்ல பத்துப் பேரு ஒக்காந்தா பதினோராவது ஆளு அடுப்பு மேலதான் ஒக்காரணும். பெரிய கட்டடத்துல கெடத்துங்க."

பச்சமுத்துவின் மீசை துடித்தது.

பெரிய கட்டடம் என்பது சுனாமிக்குப் பிறகு ஊருக்குக் கிடைத்த புயல் பாதுகாப்புக் கட்டடம். தூண்கள் மேல் எழும்பிய கான்கிரீட் மாடி. ஊர் முழுவதும் தங்கலாம். ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் அதில் தங்கியதில்லை. சாவி பச்சமுத்துவின் இடுப்பில் இருந்தது. உள்ளே அவருடைய பழைய வலைகள், ஓட்டை ஐஸ் பெட்டிகள், ரிப்பேர் இஞ்சின்கள், கருவாட்டு மூட்டைகள். ஊர் அதைக் கட்டடம் என்று சொல்வதைக்கூட விட்டுவிட்டு 'நாட்டார் குடோன்' என்று சொல்லப் பழகியிருந்தது.

"அதுல சாமான் கெடக்குதேம்மா..."

"செத்தவருக்கு எடம் இல்லன்னு சொல்லிடுவீங்களா மாமா? சொல்லுங்க, சங்கு ஊதின ஊரு கேட்டுக்கட்டும்."

கூட்டம் நாட்டாரைப் பார்த்தது. சாவு வீட்டில் இடம் இல்லை என்று சொன்ன நாட்டார் என்ற பேர் வந்தால் மூன்று தலைமுறைக்குப் போகாது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். இளவட்டங்கள் கருவாட்டு மூட்டைகளை உருட்டிவிட்டார்கள். "நாட்டாரே, இந்த இஞ்சின் உசுரோட இருக்குதா, இதுக்கும் ஒரு சங்கு ஊதிடலாமா?" என்று அஜய் மாடியிலிருந்து கத்தினான். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஆனாலும் கருவாட்டு வாடை போகவில்லை. ஐஸ் பெட்டிகளை இழுத்து இழுத்தே கதவின் தாழ்ப்பாள் உடைந்து தொங்கிக்கொண்டிருந்ததை மட்டும் அந்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை போட்டுகளை அகற்றும் வேலை. எப்போதும் அவரவர் போட்டை அவரவர்தான் இழுப்பார்கள். அடுத்தவன் போட்டில் கை வைத்தால் சண்டை. ஆனால் சாவு முறையில் ஊரே ஒரு கை. ஐம்பது பேர் ஒரே போட்டைப் பிடித்து, "ஏலோ ஐலசா" என்று மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

"இவ்ளோ தூரம் எதுக்கு? கரைய விட்டு வெலக்கினா போதாதா?" என்று ஒருவன் மூச்சு வாங்கினான்.

"எங்க வூட்டுக்காரருக்குக் கூச்ச சுபாவம். வழி அகலமா இருந்தாதான் வருவாரு" என்றாள் தனக்கோடி.

சாவு வீட்டிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போட்டுகளைக் கவிழ்த்து, ஒன்றோடு ஒன்றைக் கயிற்றால் பிணைத்தார்கள். எழிலன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோரையும்விட முடிச்சை அவன்தான் இறுக்கிப் போட்டான்.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம்வரை பெரிதாக ஒன்றும் இல்லை. வானம் மூட்டமாக இருந்தது, அவ்வளவுதான். "எங்க காணோம் ஒன் புயல? பஸ்ஸ உட்டுடுச்சா?" என்று ரத்தினம்மாள் கேட்டாள். பச்சமுத்து துடுப்பின் தலைமாட்டில் உட்கார்ந்து தனக்கோடியைப் பார்த்தார். தனக்கோடி ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புயல் வரவேண்டும் என்று அவளால் வேண்டிக்கொள்ள முடியவில்லை. வராவிட்டால் அவளுக்கு ஊரில்லை. வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை.

மாலையில் வாடைக்காற்று எழுந்தது. மணல் பறந்து முகத்தில் குத்தியது. இருட்டியதும் காற்று சத்தம் மாறியது. சிலர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறோம் என்று எழுந்தார்கள். "காவல்ல பாதியில எழுந்தா முறையில்ல, ஒக்காருங்கடா" என்று அதட்டினார் பச்சமுத்து. அவருக்கே வீட்டுக் கட்டிலில் போய்ப் படுக்க ஆசைதான். ஆனால் தலைமாட்டை விட்டு நாட்டார் நகரக் கூடாது.

*

விடியும் நேரத்தில் புயல் கரை ஏறியது.

அதுவரை அந்த ஊர் கேட்டிராத சத்தம். தென்னைகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு சாயும் சத்தம். கூரைத் தகடுகள் காகிதம்போலப் பறந்து மோதும் சத்தம். கடல் மணல்மேட்டின் அடிவரை ஏறிவந்து, நேற்றுவரை போட்டுகள் நின்ற இடத்தை நக்கித் துடைத்துக்கொண்டு போனது. கட்டடத்துக்குள் குழந்தைகள் வீறிட்டன. சண்டைக்காரி ரத்தினம்மாள் தனக்கோடியின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

திடீரென்று டமார் என்று கதவுகள் இரண்டும் உள்பக்கம் திறந்துகொண்டன. காற்றும் மழையும் உள்ளே பாய்ந்தன. வாசலருகே இருந்த பெண்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உருண்டார்கள்.

"தாழ்ப்பாளப் போடுங்கடா!" என்று கத்தினார் பச்சமுத்து.

"தாழ்ப்பாளு ஒடஞ்சிருக்கு நாட்டாரே! ஒங்க ஐஸ் பெட்டி ஒடச்சது!"

பத்துப் பேர் தோள் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் அது அவர்களைத் தள்ளிக்கொண்டு திறந்தது. கால்கள் ஈரத்தில் வழுக்கின. இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்?

எழிலன் சுற்றிலும் பார்த்தான். கட்டை, கம்பி, ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் முந்தாநாளே கீழே உருட்டிவிட்டிருந்தார்கள். பாயில் கிடந்தது அப்பாவின் துடுப்பு மட்டும்.

சாவுத் துடுப்பைக் கடலில் விடும்வரை தொடக் கூடாது. ஒரு நொடி அம்மாவைப் பார்த்தான். சங்கு ஊதிய நாளிலிருந்து அவன் அவளைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

"எட்றா!" என்றாள் தனக்கோடி.

அவன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். இரண்டு கதவுகளின் இரும்புக் கைப்பிடிகளுக்குள்ளும் அதைக் குறுக்கே செருகினான். அடுத்த வீச்சு வந்தது. மரம் முனகியது. கதவு அசைந்தது, திறக்கவில்லை. மூன்று வருடமாக மாதம் தவறாமல் எண்ணெய் குடித்த மரம் அது. வளைந்து கொடுத்ததே தவிர ஒடியவில்லை.

எழிலன் கதவில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்பா புடிச்சிக்கிட்டாரும்மா" என்றான், சின்னப் பிள்ளைபோல அழுதுகொண்டே. தனக்கோடி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

*

காற்று ஓய்ந்து கதவைத் திறந்தபோது ஊரே அடையாளம் தெரியவில்லை. முக்கால்வாசி வீடுகளுக்குக் கூரை இல்லை. பச்சமுத்துவின் வீட்டுச் சுவரை ஒரு பெரிய புங்கமரம் பிளந்துகொண்டு உள்ளே கிடந்தது. அவருடைய தேக்குக் கட்டில் அதன் அடியில் சுக்குநூறாகியிருந்தது. நாட்டார் குனிந்து அந்தக் கட்டிலின் ஒடிந்த கால் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

அய்யனார் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் குரல் கொடுத்தார்கள். ஓர் உயிர்கூடக் குறையவில்லை. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிய இளவட்டங்கள் அங்கிருந்தே கூவினார்கள். மணலில் பாதி புதைந்து, ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி, போட்டுகள் அத்தனையும் கிடந்தன. இரண்டொன்றில் கீறல், அவ்வளவுதான்.

"இருக்குதுடா! எல்லாம் இருக்குதுடா மச்சான்!" என்று அஜய் கவிழ்ந்த போட்டின்மேல் ஏறி நின்று லுங்கியைத் தலைக்குமேல் சுழற்றினான். "டேய், கீழ ஒன்னும் போடலடா நீ!" என்று யாரோ கத்த, "டவுசர் இருக்குடா, பார்த்துப் பேசு!" என்று அவன் மறுபடியும் ஆடினான். கூரை இழந்த ஊர், போட்டுகளைச் சுற்றி நின்று ஆடியது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் தரையோடு தரையாகிவிட்டன என்ற சேதி வந்தது. கேட்டவர்கள் அடங்கிப்போய்த் தங்கள் போட்டுகளைத் தடவிக்கொடுத்தார்கள். பத்தே நாளில் அடம்பன்குப்பத்துப் போட்டுகள் மறுபடியும் கடலில் இருந்தன. அந்த வருமானத்தில்தான் வீடுகளுக்கு ஒவ்வொரு கூரையாக ஏறியது.

கூரை வேலை முடிந்த வாரம் பச்சமுத்து ஊரைக் கூட்டினார். கூட்டத்துக்கு நடுவில் நின்று, யாரும் எதிர்பாராத விதமாகத் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"தனக்கோடிய விலக்கி வெக்கணும்னு பேசினோம். இன்னிக்கு விலக்கி வெக்கணும்னா மொதல்ல என்னத்தான் வெக்கணும்" என்றார். "உசுரு காக்கக் குடுத்த கட்டடத்துல நான் கருவாடு காய வெச்சேன். நான் ஒடச்ச தாழ்ப்பாளுக்கு, செத்துப்போனவன் துடுப்பு வந்து காவல் காத்துச்சி. கூண்டு ஏத்தினா சிரிச்சோம். போன வருஷம் வரல, அதனால இந்த வருஷமும் வராதுன்னோம். அன்னிக்கு நம்மளக் காப்பாத்தினது என்னா? ஒரே எடத்துல கூடினது. அடுத்தவன் போட்ட நம்ம போட்டா நெனச்சி இழுத்தது. செத்தவனுக்காக இவ்ளோவும் செய்யத் தெரிஞ்ச ஊரு, சாவு வராம இருக்கறதுக்கு அதையே செய்யக் கூடாதா? புயல நிறுத்த நம்மால ஆகாது. ஆனா புயலுக்கு முன்னாடி ஒன்னாக் கூட நம்மால ஆவும். இனிமே அதுதான் கட்டுப்பாடு."

கட்டடத்தின் சாவியைத் தனக்கோடியின் கையில் கொடுத்தார். அவளும் அவளுடைய மகளிர் குழுப் பெண்களும் தாழ்ப்பாளை மாற்றினார்கள். மணல்மேட்டில் வண்டி ஓட்டுவதை நிறுத்தி, மணலைப் பிடித்து நிறுத்தும் அடம்பங்கொடி நட்டார்கள். "கொடிய மிதிச்சா காலு இருக்காது" என்று காவல் காத்தவள் வேறு யாருமல்ல, ரத்தினம்மாள்தான்.

*

அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியில் துறைமுகத்தில் மறுபடியும் கூண்டு ஏறியது.

இந்த முறை யாராவது வந்து கேட்கட்டும் என்று அய்யனார் காத்திருக்கவில்லை. சாவுக்கு மூன்று, புயலுக்கு நிறுத்தாமல் ஒரே நீளச் சங்கு என்று ஊர் முடிவு செய்திருந்தது. சங்கு முழங்கிய வேகத்தில் கடலிலிருந்த போட்டுகள் கரைக்கு வந்தன. ஐம்பது கைகள் ஒவ்வொரு போட்டாக மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்றின. முதல் கயிற்றைக் கட்டியவன் எழிலன். பக்கத்துக் குப்பத்தார் சங்கு கேட்டு ஓடிவந்து பார்த்துவிட்டு, தங்கள் போட்டுகளையும் இழுக்கத் தொடங்கினார்கள். பொழுது சாயும்போது கரை பெருக்கிவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. கட்டடத்துக்குள் குழம்பு கொதித்தது. பிள்ளைகள் தாயம் ஆடினார்கள்.

அந்தப் புயல் வடக்கே போய்விட்டது. காலையில் வெயில் அடித்தது. ஆனால் யாரும் கூண்டைத் திட்டவில்லை. "வராட்டி நல்லதுதான? நாம தயாரா இருந்தோமில்ல" என்று சொல்லிக்கொண்டு போட்டுகளை இறக்கப் போனார்கள்.

தனக்கோடி கட்டடத்தைப் பூட்ட நின்றாள். வாசலுக்கு மேலே, சுவரில் அடித்த இரண்டு ஆணிகளின்மீது சடையப்பனின் துடுப்பு படுத்திருந்தது. புதிதாக எண்ணெய் தடவியதில் பளபளத்தது. பச்சமுத்து அதை அண்ணாந்து பார்த்தார்.

"அன்னிக்குக் காலையில கடல்ல விட்டிருக்கணும். விடவே இல்லியேம்மா நீ. முறைப்படி இன்னும் சடங்கு முடியல" என்றார் மெதுவாக. "உண்மையச் சொல்லு. சடையப்பன் செத்துட்டான்னு அன்னிக்கு நீ நம்பித்தான் சங்கு ஊதச் சொன்னியா?"

தனக்கோடி பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் பார்வை வெயிலில் மின்னிய கடலுக்குப் போய்த் திரும்பியது.

"இல்ல மாமா. என்னிக்காவது ஒருநாளு அவரு வந்து நிப்பாரு. அப்ப வந்து எறங்கறதுக்கு ஊரு இருக்கணுமில்ல?"